வென் சொன்ன புயல்

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் ஒரு நாள் காலை ஒரு கட்டு வெங்காயத்தாள் கிடந்தது. அழுகிக் கொழகொழத்துப்போய், நாற்றம் குடலைப் பிடுங்கியது. அதில் செருகியிருந்த அட்டையில், "வானிலை வாத்தியாருக்கு. மச்சானோடு பங்கு போட்டுச் சாப்பிடவும்" என்று யாரோ கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

வானிலை வாத்தியார் என்று ஊர் கூப்பிட்டது வென் சிங்-யுவானை. எங்கள் ஊரான யீலானில் மாலைச் செய்தியின் கடைசியில் வந்து மழையும் காற்றும் சொல்கிறவர். நான் அங்கே ஒப்பனை வேலை பார்க்கிறவள். செய்திக்கு முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார், நான் பவுடர் பூசுவேன். தைபேயில் வளிமண்டலப் படிப்புப் படித்தவர். பெரிய சேனல்கள் கூப்பிட்டும் போகவில்லை. காரணம் அவர் மனைவி பெய்-ஃபென். அவளுக்கு ஊரை விட்டுப் போக இஷ்டமில்லை. அவள் பிறந்த வீட்டார் பக்கத்துச் சான்ஷிங்கில் வெங்காயத்தாள் மண்டி வைத்திருந்தார்கள். மண்டியை நடத்தியவன் அவளுடைய அண்ணன் ஆ-தாய். கன்னத்தில் எந்நேரமும் பாக்கு ஒதுங்கியிருக்கும். அந்தப் பக்கமாகத்தான் சிரிப்பான்.

சான்ஷிங்காரர்களுக்கு வெங்காயத்தாள்தான் சோறு. வயலில் கொஞ்ச நேரம் வெள்ளம் நின்றாலும் வேர் அழுகிவிடும். புயல் வருமென்றால் பிஞ்சையும் சேர்த்துப் பிடுங்கிவிட வேண்டும். வராதென்றால் விட்டுவைக்க வேண்டும். இந்த முடிவை எடுக்கத்தான் ஜனங்கள் மாலையில் வென்னின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தக் கோடையில் ஒரு புயல் கிழக்கிலிருந்து நேராக எங்களைப் பார்த்து வந்தது. வென் வரைபடத்தின் முன் நின்று, கரையேறும் என்றார். ஊர் முழுக்க வயலில் இறங்கியது. பிஞ்சும் முற்றலுமாகப் பிடுங்கிக் கட்டி ஏலச் சந்தையில் கொண்டுபோய்க் குவித்தார்கள். விலை தரையைத் தொட்டது. பிந்தி வந்தவர்களின் கட்டுகளை எடுக்கவே ஆளில்லை, சாலையோரத்திலேயே கிடந்து அழுகின. புயலோ கடலிலேயே வடக்கே திரும்பிப் போய்விட்டது. மறுநாள் வெயில் பல்லைக் காட்டியது. வயலெல்லாம் மொட்டை. பிறகென்ன, வெங்காயத்தாள் விலை ஏறியது ஏறியதுதான். அப்போது நிறையச் சரக்கு வைத்திருந்தவன் ஒரே ஒருவன். ஊரே விற்றுக்கொண்டு ஓடியபோது வாங்கி வாங்கிக் குளிர்கிடங்கில் அடுக்கிய ஆ-தாய்.

வென் மச்சானுக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பதற்கு இதற்கு மேல் யாருக்கும் ஆதாரம் தேவைப்படவில்லை. எனக்கும்தான். அன்று மாலை அவர் கன்னத்தில் பஞ்சை ஒற்றும்போது, இந்த முகத்துக்கா இத்தனை வருஷம் பூசினோம் என்று தோன்றியது.

லியாவ் நேராகவே வந்துவிட்டார். பாட்டன் காலத்திலிருந்து அதே நிலத்தில் வெங்காயத்தாள் போடுகிறவர். சேற்று பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, வென் வரும்வரை நகரமாட்டேன் என்றார்.

"வாத்தியாரே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். புயல் திரும்பும்னு உமக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது, ஐயா."

"உம்ம மச்சானுக்கு?"

"அவருக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்! அவன் என்ன மேகத்துல ஏறிப் பாத்தானா?"

வென் ஏதோ காற்றழுத்தம் என்று ஆரம்பித்தார். லியாவ் கையை உயர்த்தினார்.

"பாடமெல்லாம் வேணாம். மண்சாமி கோயிலுக்கு வாரும். கோழித் தலையை வெட்டி, 'நானும் சரி, என் வீட்டுல இருக்கறவங்களும் சரி, முன்கூட்டி யாருகிட்டயும் வாய் திறக்கல'ன்னு சத்தியம் பண்ணும். அப்புறம் நான் ஏதாச்சும் பேசினா என் வாய் அழுகட்டும்."

கோழி வெட்டிப் பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் தழைக்காது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். படித்த வென்னுக்கு அந்தப் பயம் கிடையாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். தடுத்தது பெய்-ஃபென்.

மறுநாள் என் நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணை மூடவில்லை. கண்ணாடியில் என்னையே பார்த்தார்.

"சூ அக்கா, வேணாம்னு சொல்றா. 'உனக்காகச் சத்தியம் பண்ணு, எனக்கும் சேத்துப் பண்ண நீ யாரு?'ன்னு கேக்கறா."

"ரோஷக்காரி. அப்படித்தான் பேசுவா."

"ரோஷமா? இல்ல, பயமா?"

அவரே சொல்லிக்கொண்டு போனார். அரசு வானிலை நிலையம் எச்சரிக்கை விட்டுவிட்டால் அதைத் தாண்டி நாங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது. ஆனால் அந்தப் புயல் திரும்பக்கூடும் என்று அவருக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அதைப் பார்த்த பெய்-ஃபென் அண்ணனுக்கு ஜாடை காட்டியிருப்பாளோ என்று இப்போது அவருக்குள் புழு நெளிந்தது.

அதன்பிறகு அவர் வீட்டில் வானத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். அவள் போனில் பேசினால் பக்கத்து அறையில் காலோசையில்லாமல் நிற்பார். அவள் குளிக்கப் போனால் போனை எடுத்துப் பார்ப்பார். அண்ணனுக்கு அவள் அனுப்பியதெல்லாம் அம்மாவின் மாத்திரையைப் பற்றியும் வாத்து வாங்கி வருவதைப் பற்றியும்தான். வாத்து என்பதுகூட ஏதாவது சங்கேதமோ என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

கடைசியில் ஒரு பொறி வைத்தார். ஆ-தாய்க்குப் பேரன் பிறந்து ஒரு மாதம் நிறைகிற விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்குச் சில நாள் முன்னால் சாப்பாட்டு மேசையில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஊரே முழுகற மாதிரி கொட்டப் போகுது. டி.வி.யில வேற மாதிரிதான் சொல்லுவேன். யாருகிட்டயும் சொல்லாதே" என்றார். சுத்தப் பொய். வாரம் முழுக்க வெயில் என்று அவருக்குத் தெரியும். அவள் அண்ணனிடம் சொன்னால் அவன் விருந்தைத் தெருப் பந்தலிலிருந்து மண்டபத்துக்கு மாற்றுவான், அப்போது பிடித்துவிடலாம் என்பது கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை நானும் விருந்துக்குப் போயிருந்தேன். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு வட்ட மேசைகள், சாயம் பூசிய சிவப்பு முட்டை, எண்ணெய்ச் சோறு. விருந்து தெருவிலேயேதான் நடந்தது. யாரும் எதையும் மாற்றவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அதில் பெய்-ஃபென் நல்ல பட்டு உடுப்புக்குக் கீழே முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். கையில் மழைக்கோட்டு. குழந்தையைப் போர்த்த ஒரு பிளாஸ்டிக் தாள் வேறு. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.

"என்னடி, மீன் பிடிக்கப் போறியா? வானிலைக்காரர் பொண்டாட்டிக்கே வானிலை தெரியலியே!" என்று ஒரு அத்தை கத்தினாள்.

பெய்-ஃபென்னும் சிரித்து மழுப்பினாள். ஆனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணன் வீட்டு விருந்து நனையப்போகிறதே என்ற தவிப்பு முகத்தில் அப்படியே தெரிந்தது. இருந்தும் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சூப்பும் வந்து, பழமும் வந்து, ஒரு துளிகூட விழாதபோது அவள் மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைச் சோதிக்கச் சொன்ன பொய்யா அது?" என்றாள். அவள் பூட்ஸைக் கழற்றி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு அம்மா வீட்டுக்குள் போய்விட்டாள்.

வென் எழுந்து ஆ-தாயிடம் போனார். "மச்சான், உங்க பேரன் மேல ஆணையா சொல்லுங்க. அந்தப் புயல் திரும்பும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஆ-தாய் பாக்கைத் துப்பிவிட்டு ஆச்சரியமாகப் பார்த்தான். "நீதான் மாப்பிள்ளை."

"நானா? நான் எப்பச் சொன்னேன்?"

"டி.வி.யில. ஊருக்கே சொன்னியே. வாய் 'வரும் வரும்'னுது. கை காதைப் போய்த் தடவுது. உன்கூட எத்தனை வருஷமா மாஜாங் ஆடறேன்? கையில நல்ல கட்டை ஒண்ணும் இல்லாம பந்தா காட்டறப்பல்லாம் நீ வலது காதைத்தான் தடவுவ. சரி, இவனே நம்பாத புயலுக்கு நாம ஏன் பயப்படணும்னு வாங்கிப் போட்டேன். இதுல பெய்-ஃபென்னுக்கு என்ன தெரியும்? அவ இருந்தா வித்தவங்களுக்காக அழுதிருப்பா."

நான் மேசையோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சில நாள் செய்தி முடிந்ததும் அவருடைய வலது காதில் மட்டும் பவுடர் அழிந்திருக்கும். வியர்வை என்று நினைத்திருந்தேன்.

மறுநாளே வென் லியாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போனார். லியாவ் ஒரு கூட்டத்தைக் கூட்டி வைத்திருந்தார். கூடையில் சேவலும் இருந்தது. வென் சேவலைத் தொடவில்லை.

"நான் யாருகிட்டயும் சொல்லல. என் பொண்டாட்டியும் சொல்லல. ஆனா புயல் திரும்பலாம்னு எனக்கு சந்தேகம் இருந்துச்சு. அதை உங்ககிட்டச் சொல்லாம மறைச்சேன். மச்சான் அதை என் கையைப் பாத்துக் கண்டுபிடிச்சிருக்காரு" என்று காது விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லி முடித்தார்.

பிறகு பின்னாலிருந்து ஒருவன் கெக்கேபிக்கே என்று சிரித்தான். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். லியாவ் மட்டும் சிரிக்கவில்லை.

"வாத்தியாரே, பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நல்ல பொய்யா சொல்லக் கூடாதா? இத்தனை படிச்சும் இதுதான் வந்துச்சா?" என்று சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இலையுதிர் காலத்தில் அடுத்த புயல் கிளம்பியது. அதற்குள் காதுக் கதை வயல் வயலாகப் பரவியிருந்தது. இப்போது யாரும் வரைபடத்தைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் வென்னின் கையில். செய்தி ஆசிரியர் ஹோவுக்குக் குஷி. பார்க்கிறவர் கூட்டம் ஏறிவிட்டதாம். "கையை நல்லா தெரியற மாதிரி வையுங்க" என்று கேமராக்காரனிடம் சொன்னதை நானே கேட்டேன்.

வென் அன்று என் நாற்காலியில் உட்கார்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "அக்கா, இது நிச்சயம் வரும். திரும்பாது. இதை எப்படி நம்ப வைப்பேன்?" என்றார். காதுக்கும் சேர்த்துப் பூசி அனுப்பினேன்.

இரண்டு கையையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, கரையேறும், வெள்ளம் வரும், தயவுசெய்து பிடுங்கிவிடுங்கள் என்றார். தயவுசெய்து என்று ஒரு வானிலைக்காரர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கை அசையவேயில்லை. பாதிப் பேர் நம்பி வயலில் இறங்கினார்கள். மீதிப் பேர் லியாவ் பக்கம். அவர் சொன்னது இதுதான்: "நாம கையைப் பாக்கறோம்னு இப்ப அவனுக்குத் தெரியும்ல? கட்டையாட்டம் நிக்கறான் பாரு. மறுபடி மச்சானுக்காக நம்மளப் பிடுங்க வெக்கத்தான்."

புயல் மறுநாள் மத்தியானம் கரையேறியது. மலையிலிருந்து தண்ணீர் மண்ணிறத்தில் இறங்கி வந்து வயல்களின் மேல் நின்றது. லியாவின் நிலத்தில் ஒரு தாள்கூட நிமிர்ந்து நிற்கவில்லை.

தண்ணீர் வடிந்ததும் வென் அங்கே போனார், அவருடன் நானும் போனேன். சேற்றில் குனிந்து வடிகால் மடையை வெட்டிக்கொண்டிருந்த லியாவ் நிமிர்ந்து பார்த்தார்.

"சரியாத்தான் சொன்னீர்" என்றார்.

"அப்புறம் ஏன் கேக்கல, ஐயா?"

"சரியாச் சொல்லத் தெரிஞ்சவனுக்குச் சரியா ஏமாத்தவும் தெரியுமே." அதில் கோபம் இல்லை. வென் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மடையில் இறங்கினார். லியாவ் ஒரு மண்வெட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அதன்பிறகு வென்னின் பேச்சு மாறியது. அரசு அறிவிப்பை வாசித்துவிட்டு, மாறினாலும் மாறலாம், எனக்கு நிச்சயமில்லை என்று தோன்றினால் அதையும் சொல்லிவிடுவார். ஹோவுக்குப் பிடிக்கவில்லை. "தெரியலைன்னு சொல்லவா சம்பளம்?" என்று பார்க்கிறவர்களும் போன் பண்ணித் திட்டினார்கள். சிலர் தைபே சேனலுக்கு மாறினார்கள். ஆ-தாய் இன்னும் மாஜாங்குக்குக் கூப்பிடுகிறான். வென் போவதில்லை.

பெய்-ஃபென் மழைக்காலம் முடிவதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். போனை மேசையின் நடுவில், திரை மேலே தெரியும்படி வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவாளாம். அவர் அதைத் தொடுவதில்லையாம். ஒரு நாள் சந்தையில் வெங்காயத்தாள் பணியாரம் வாங்க நின்றபோது அவளிடம் கேட்டேன்.

"மன்னிச்சுட்டியா?"

"மன்னிச்சுட்டேன் அக்கா. நல்ல மனுஷன்தான். ஆனா அவர் குரலைத் தாழ்த்தி ஏதாச்சும் சொல்ல வந்தா மட்டும் எனக்கு உடம்பு கூசுது. சத்தமாப் பேசுங்கன்னு சொல்லிடறேன்."

பணியாரம் சூடாக வந்தது. அவள் இரண்டு வாங்கினாள், ஒன்றை அவருக்கென்று தனியாகக் கட்டச் சொன்னாள்.