ஜின் பாட்டில் சிப்பாய்

அன்று அங்கே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சிவப்புக் கோட்டில். அம்மா, உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டு. ஏஜென்சியின் சூப்பர்வைசர். வாசல் செக்யூரிட்டி, பீகார்க்காரர். போட்டோ எடுக்கிறவன் ஒருவன். குடிக்க வந்தவர்கள், அவர்களை எண்ணவில்லை. பிறகு நான். எனக்கு எட்டு வயது.

இடம் தெற்கு டெல்லியில் ஒரு ஹோட்டல். ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம்.

ஜின் என்பது தண்ணீர் மாதிரி தெரியும் ஒரு சரக்கு. அந்தக் கம்பெனி லண்டன் கம்பெனி. பச்சை பாட்டில். அதன் மேல் ஒரு சிப்பாய் படம், சிவப்புக் கோட்டும் பானை மாதிரி கறுப்பு ரோமத் தொப்பியும். லண்டனில் ராணி வீட்டு வாசலில் அப்படி நிற்பார்களாம். யார் என்ன செய்தாலும் அசைய மாட்டார்களாம். நம் நாட்டில் சரக்குக்குப் போஸ்டர் ஒட்டக் கூடாது என்று சட்டம். அதனால் ஒரு ஏஜென்சி மூலம் அதே வேஷத்தில் ஆளை நிறுத்தினார்கள்.

மாமா ஆறடிக்கு மேல். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். கோட்டின் நீளம் வேறு யாருக்கும் சரியாக வரவில்லை, அவருக்கு வந்தது. அவருடைய தோள் அப்போதே கெட்டுப்போயிருந்தது. சோற்றுத் தட்டை இடது கையால் தூக்க முடியாது. நின்றால் மட்டும் போதும் என்கிற வேலை அவருக்குப் பெரிய விஷயம்.

வேலைக்குப் பழக்கிவிட்ட நாளில் ஒரு காலி பாட்டிலோடு முனிர்காவில் இருந்த எங்கள் அறைக்கு வந்தார். சூப்பர்வைசர் சொல்லிக் கொடுத்த கதையை அம்மாவுக்குச் சொன்னார்.

“அக்கா, இது இருநூறு வருசத்துச் சரக்காம். இங்க வந்த வெள்ளக்காரப் பட்டாளத்துக்கு ஒரே காய்ச்சலாம். மருந்து கசப்பு, தொண்டையில எறங்கல. அதுல இத ஊத்திக் குடிச்சானுங்களாம்.”

“அப்ப மருந்துன்னு சொல்லு. பாப்பாவோட அப்பாவுக்கும் தெனம் காய்ச்சல்தான் போலிருக்கு.”

அப்பா அப்போது எங்களோடு இல்லை. மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பாட்டிலைக் கழுவி, தண்ணீர் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

சூப்பர்வைசர் ஒன்றுதான் சொல்லியிருந்தார். முதல் ஞாயிறு அசையாமல் நின்றுவிட்டால் கோடை முழுக்க வேலை. அசைந்தால் வேறு ஆள்.

அதனால் வீட்டில் பழகினோம். மாமா சுவரை ஒட்டி நிற்பார். நான் எண்ணுவேன். பள்ளிக்கூடத்தில் ஹிந்தியில் எண்ணத்தான் கற்றிருந்தேன். தமிழில் எண்ணக் கற்றுக்கொடுத்தது மாமா.

“ஆயிரம் எண்ணு பாப்பா. அதுவரைக்கும் நான் அசைஞ்சா என் பேர மாத்திக்கிறேன்.”

ஆயிரம் ஒரு நாளும் வரவில்லை. காரணம் நான். எனக்கு எழுத்து, சாப்பாடு எல்லாம் இடது கை. குடியரசு தின அணிவகுப்பில் இடது கையால் சல்யூட் அடித்து டீச்சரிடம் அடி வாங்கியிருந்தேன். அதை மாமாவுக்கு நடித்துக் காட்டினால் தாங்க மாட்டார். பத்து எண்ணுவதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

“அங்க வந்து மட்டும் அதச் செஞ்சுராதடி. பொழப்பு போயிரும்.”

செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

ஞாயிறு வந்தது. அம்மாவுக்கும் அதே ஹோட்டலில் ஒரு நாள் வேலை கிடைத்தது. என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் கூடவே போனேன். வாசலுக்கு எதிரே செக்யூரிட்டியின் நிழலில் ஒரு படி. அங்கே உட்காரச் சொன்னார்கள்.

மாமாவுக்கு நிழல் இல்லை. கம்பளிக் கோட்டு, கழுத்துவரை பித்தளைப் பொத்தான். தொப்பிப் பட்டை தாடையை இறுக்கியது. பக்கத்தில் ஒரு பலகை. சிப்பாயைச் சிரிக்க வைத்தாலோ அசைத்தாலோ ஒரு கிளாஸ் சும்மா.

நிறைய பேர் முயன்றார்கள். ஒருவன் குரங்கு மாதிரி குதித்தான். ஒருத்தி துப்பட்டாவால் மூக்கில் வருடினாள். “அண்ணா, இட்லி சாம்பார்!” என்று ஒருவன் காதில் கத்தினான். மாமா அசையவில்லை. எனக்குப் பெருமை.

அரை மணிக்கு ஒரு தடவை உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கலாம் என்று பேச்சு. முதல் தடவை போனார். பிறகு கூட்டம் கூடிவிட்டது.

“பாஞ்ச் மினிட், அண்ணா,” என்றார் சூப்பர்வைசர். இன்னும் ஐந்து நிமிடம். அதையே மறுபடி சொன்னார். மறுபடியும்.

“ஆத்மி ஹை, பையா,” என்றார் செக்யூரிட்டி. மனுஷன்தானே என்று.

“போட்டோ சல் ரஹா ஹை.” போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் சூப்பர்வைசர்.

அம்மா ஈரக் கையோடு ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். மாமா உதடு அசையாமல் சொன்னார்.

“போக்கா. பாக்குறான்.”

“ஒரு வாய் குடிடா.”

“போங்குறேன்ல.”

அம்மா போய்விட்டாள். உள்ளே இருந்து அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை மாமாவின் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. முகம் காய்ந்து, சிவந்து, கோட்டின் நிறத்துக்கு வந்தது. வெயில் பழகிவிட்டது, இனி கஷ்டமில்லை என்று நினைத்தேன். இன்றைக்கு ஆயிரம் வரும் என்று தோன்றியது. வியர்வை நின்ற அந்த இடத்திலிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

நடுவில் ஒரு அம்மாள் என்னிடம் குனிந்து, “பேட்டா, நீ சிரிக்க வை, உனக்கு ஜூஸ்” என்று ஹிந்தியில் சொன்னாள். நான் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். எண்ணுவதை விடவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று நினைத்தேன். கையை இன்னும் அழுத்திக்கொண்டேன். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அனல் காற்று என்று நினைத்தேன்.

பிறகு விழுந்தார். முட்டி மடங்கவில்லை. கம்பம் மாதிரி நேராக முன்னால்.

“ஹில் கயா! ஹில் கயா!” அசைந்துவிட்டான் என்று ஒருவன் கத்தினான். கை தட்டினார்கள். அவனுக்கு கிளாஸ் கொடுத்தார்களா என்று நான் பார்க்கவில்லை.

செக்யூரிட்டிதான் ஓடிவந்து பொத்தான்களைப் பிய்த்தார். யாரோ ஜின்னுக்கு வைத்திருந்த ஐஸை வாளியோடு கொண்டுவந்து கொட்டினார்கள். அம்மா சோப்பு நுரைக் கையோடு ஆட்டோவில் ஏறினாள். நான் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டேன். அதன் உள்பக்கம் கொதித்தது.

பொழுது சாய்வதற்குள் மாமா செத்துப்போனார். சூப்பர்வைசர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கோட்டைக் கிழித்துவிட்டார்கள். தொப்பியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்து அந்தப் பச்சை பாட்டில் தண்ணீரைத்தான் குடித்தோம். வேறு பாட்டில் இல்லை.



பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருக்கிறேன். ஜூன் வந்தால் வெயிலில் விழுந்தவர்களைக் கொண்டுவருவார்கள். வேலைக்குச் சேர்ந்த வருடம், கட்டட வேலை செய்யும் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் துடைக்கத் துணி எடுத்தேன். காய்ந்திருந்தது. “வேர்வை இல்ல சிஸ்டர், பரவால்ல,” என்றேன்.

நாகர்கோவில் சிஸ்டர் என் கையிலிருந்து துணியைப் பிடுங்கி ஐஸ் தண்ணீரில் முக்கினார்.

“வேர்வை நின்னாத்தான் பயப்படணும் பிள்ள. அதுக்கப்புறம் கொஞ்ச நேரந்தான் இருக்கு. அதுக்குள்ள சூட்ட எறக்கிட்டா ஆள் பொழைச்சுக்கும்.”

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார்.

எவ்வளவு நேரம் என்று சிஸ்டரிடம் நான் கேட்கவில்லை. மாமா விழுந்தபோது எண்ணிக்கை எதில் நின்றது என்று எனக்குத் தெரியும்.

எழுநூற்று அறுபத்து நான்கு.