ஓடிப்போனவர் எடுத்த ஒன்பது விடுப்புகள்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற அந்தப் பெண்ணுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவள் குடும்பத்துக்கு உறவுக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஓடிப்போனவர் வகையறா’. அவளுடைய கொள்ளுத்தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் திரும்பவேயில்லை. எவளோடோ போய்விட்டார் என்று தெருவே முடிவு கட்டியது. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அங்கே இருக்கப் பிடிக்காமல், அவர் மனைவி இரண்டு பிள்ளைகளோடு வேலை கிடைத்த ஊர்களுக்கெல்லாம் போய்ப் பிழைத்தாள்.

இவள் மகன் வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது உறவுக்காரர் ஒருவர், “ரத்தம் சும்மா விடுமா?” என்று சிரித்தார். இவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த விடுமுறையிலிருந்தே ஆவணக் காப்பகத்துக்கு நடையாய் நடந்தாள்.

அச்சக ஊழியர் பதிவேட்டில் அவர் பெயர் கிடைத்தது. அடையாளம்: இடது சுண்டுவிரல் பாதி இல்லை. கடைசியாக வேலைக்கு வந்த தேதியும் இருந்தது. அதற்கப்புறம் வேறு எங்காவது கல்யாணம் செய்துகொண்டாரா என்று இரண்டு மாதம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.

காப்பக ஊழியர்தான் கேட்டார்: “ஏம்மா, கல்யாணப் பதிவேட்டையே கட்டிக்கிட்டு அழறீங்க? ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் புரட்டிப் பாருங்களேன்.”

புரட்டினாள். அவர் வேலைக்கு வராமல் போன முதல் நாளின் பக்கத்தில் இருந்தது: “பெயர் தெரியாத ஆண். குதிரை வண்டி மோதித் தலையில் பலத்த அடி. பேச்சு இல்லை. இடது சுண்டுவிரல் பாதி இல்லை.”

அவள் மேற்கொண்டு புரட்டினாள்.

எட்டு மாதம் தள்ளிய தேதியில் இன்னொரு குறிப்பு. பேச்சு வந்துவிட்டது, பெயரும் தெருவும் சொன்னார், ஆள் அனுப்பிப் பார்த்தால் குடும்பம் வீட்டைக் காலி செய்திருந்தது. போக்கிடம் இல்லாதவருக்கு ஆஸ்பத்திரியே சலவைக்கூடத்தில் வேலை கொடுத்தது. சலவைக்கூட விடுப்பேட்டில், வருஷத்துக்குப் பத்து நாள், அவரே கைப்பட எழுதிய காரணம்: “மனைவி மக்களைத் தேட.” பக்கத்தில், ஒவ்வொரு வருஷமும் வேறோர் ஊரின் பெயர். இப்படி ஒன்பது வருஷம். பத்தாவது வருஷம் காய்ச்சலில் இறந்துபோனார்.

நகலை அப்பாவிடம் கொடுத்தாள். எண்பது வயதுக்காரர், ஒவ்வோர் ஊராக விரல் வைத்துப் படித்தார். நாலாவது ஊரில் விரல் நின்றது.

“இங்க எங்கப்பா ரெண்டாங்கிளாஸ் படிச்சாரும்மா.”

“எந்த வருஷம்ப்பா?”

அப்பா கணக்குப் போட்டுப் பார்த்தார். “இவரு அங்க தேடிப் போனதுக்கு முந்தின வருஷம்.” பிறகு தன் அக்காவுக்குப் போன் போட்டார். “அக்கா, தாத்தா ஓடலக்கா. தேடிக்கிட்டே இருந்திருக்காரு.”

அந்தப் பக்கம் அத்தை அழுவது இவளுக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் பஸ் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சலவைக்கூடம் அதே இடத்தில்தான் இருந்தது. உள்ளே பெரிய பெரிய இயந்திரங்கள், ஈரச் சூடு, சோப்பு வாசனை. விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருங்க வேணும்?”

அப்பா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“எங்க தாத்தா இங்கதாம்மா வேலை பாத்தாரு.”