நாத்தனாருக்குக் கொடுத்த டோக்கன்

எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் என் நாத்தனார் எலும்பும் தோலுமாக இருப்பாள். எனக்கோ மாதவிலக்கு நின்ற பிறகு கைகால் இளைத்து, சாப்பிட்டதெல்லாம் வயிற்றில் தொப்பையாகத் தங்கிவிட்டது. ஓசூரில் எங்கள் தெருப் பெண்கள் அதை நல்ல உடம்புவாகு என்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன வருடம் மகன் வேலை பார்க்கும் கம்பெனியில், ஊழியர் வீட்டுப் பெண்களுக்கு எலும்புப் பரிசோதனை முகாம் வைத்தார்கள். வீட்டுக்கு ஒரே டோக்கன். மகன் என் பெயருக்குத்தான் வாங்கிவந்தான். அப்போதே எனக்கு நடுமுதுகில் விடாத வலி. கட்டிய புடவையும் தரையில் இழுபட ஆரம்பித்திருந்தது.

"நீ போயிட்டு வா. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று நாத்தனாரிடம் டோக்கனை நீட்டினேன்.

"உங்க பேருக்கு வந்ததுங்க அண்ணி. முதுகு வலின்னு வேற சொல்றீங்க."

"அது வாயுடி. நீதான் காத்தடிச்சா ஒடிஞ்சிருவ போல இருக்க."

மெஷினில் குதிகாலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். வயதுக்கேற்ற பலம் இருக்கிறதாம். மெஷின்தான் ரிப்பேர் என்று கேலி செய்தேன்.

என் வலிக்கு வயிற்றுச் சுமைதான் காரணம் என்று தீர்ப்பும் நானே சொல்லிக்கொண்டேன். பாலை நிறுத்தினேன். ராகிக் களியை நிறுத்தினேன். கன்னம் ஒட்டிப்போனது, வயிறு அப்படியே இருந்தது.

ஒருநாள் நாங்கள் இருவரும் பாகலூர் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தோம். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. எல்லோரும் டிரைவரைத் திட்டினார்கள். எனக்கு மூச்சே வரவில்லை. நாத்தனார்தான் தாங்கிப் பிடித்து இறக்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டரம்மா முதுகு எக்ஸ்ரேயைக் காட்டினார். "இந்த எலும்பு இப்ப நொறுங்கினது. இந்த ரெண்டும் பழசு. எப்ப விழுந்தீங்க?"

"நான் விழவே இல்லீங்களே."

"விழணும்னு இல்லைம்மா. மாதவிலக்கு நின்னப்புறம் எலும்பு பலம் குறைஞ்சா, குலுங்கினாலே நொறுங்கும். வயித்துல சேர்ற கொழுப்பு எலும்பைக் காப்பாத்தாது. இனி இடுப்பு உடைஞ்சா எழுந்து நடக்கறது கஷ்டம்."

பழசு என்றால் எப்போது உடைந்தது என்று கேட்டேன். சொல்ல முடியாது, முதுகெலும்பு நொறுங்கி உயரம் குறைந்ததால்தான் புடவை இழுபடுகிறது என்றார். தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்த்த அன்றா, கிரைண்டர் கல்லை எடுத்த அன்றா, வெறுமனே குனிந்த அன்றா, எனக்கும் தெரியவில்லை. உடைந்த முதுகோடு அத்தனை வேலையும் பார்த்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. இப்போதெல்லாம் தும்மல் வந்தால்கூடச் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன்.