ஆரத்தித் தட்டில் கெமிஸ்ட்ரி

எங்கள் வீட்டுக்குள் கெமிஸ்ட்ரியைக் கொண்டுவந்தவள் நான்தான் என்று எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரே கர்வம். கீரப்பாளையத்தில் எங்கள் குடும்பத்தில் அஞ்சாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அக்கா அஞ்சோடு நின்று நடவுக்குப் போய்விட்டாள். பின்னால் சிதம்பரத்தில் அதே பாடத்தில் எம்.எஸ்ஸி. முடித்தபோதுகூட அவ்வளவு கர்வம் வரவில்லை.

உண்மையில் எனக்கு முன்பே அந்தச் சொல், அரசாங்கம் கொடுத்த கலர் டிவி வழியாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. ஜோடியாக ஆடுகிறவர்களைப் பார்த்து நடுவர்கள், "கெமிஸ்ட்ரி சூப்பர்" என்பார்கள். அம்மாவின் தம்பியான என் மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வண்டிமாடு இரண்டும் சேர்ந்தாற்போல் நடந்தால்கூட அவருக்கு அது கெமிஸ்ட்ரிதான்.

"அது இல்ல மாமா. கெமிஸ்ட்ரின்னா வேதியியல்."

"வேதியியலோ வேப்பிலையோ, டிவில சொல்றவன் தெரியாமயா சொல்றான்?"

மாமாவைத் திருத்த முடியாது என்று அக்காவைப் பிடித்து உட்காரவைத்தேன். பள்ளியில் செய்து காட்டிய எல்லாவற்றையும் அவளுக்குச் செய்து காட்டினேன். எலுமிச்சை அமிலம், சுண்ணாம்பு காரம்.

"சுண்ணாம்பு காரமாடி? மொளகாதான காரம்?" என்று சிரித்தாள். ஆனாலும் என் ஒரே மாணவி அவள்தான்.

அக்காவுக்கு இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக அமைந்தவர் கடலூர் மாப்பிள்ளை. சாயப் பொடி செய்யும் கம்பெனியில் வேலை. கெமிக்கல் என்றாலே மூக்கைப் பொத்துகிற அம்மாகூட இந்த முறை வாயைத் திறக்கவில்லை. இதுவும் கைவிட்டுப் போனால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிடும்.

நிச்சயத்தன்று வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். தட்டு மாற்றுவதற்கு முன் ஆரத்தி எடுக்க இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அக்கா பாயைப் பார்த்தாள். மாப்பிள்ளை ஃபேனைப் பார்த்தார்.

"அடடா, என்னா கெமிஸ்ட்ரி!" என்றார் மாமா.

எனக்குப் பொறுக்கவில்லை. அத்தனை பேர் கூடியிருக்கிறார்கள், இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? ஜூஸ் பிழிந்ததில் மிஞ்சிய அரை மூடி எலுமிச்சை என் கையில் இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தட்டு ரத்தச் சிவப்பில் முன்னால் இருந்தது.

"மாமா, இதான் கெமிஸ்ட்ரி. பாரு!"

ஒட்டப் பிழிந்தேன். சாறு விழுந்த இடத்தில் சிவப்பு விலகியது. விரலால் ஒரு கலக்கு கலக்கினேன். தட்டு முழுக்கப் பளீரென்று மஞ்சள்! பள்ளியில்கூட இவ்வளவு அழகாக வந்ததில்லை. துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

"அய்யய்யோ, ஆரத்தி வெளுத்துப்போச்சே! நல்ல காரியத்துல இது என்னா சகுனம்?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "தட்டு மாத்துறத இன்னொரு நாளைக்கு வச்சிக்கலாம்."

அம்மா என் தொடையில் நிமிண்டிய நிமிண்டலில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்பா மாற்றவிருந்த வெற்றிலைத் தட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அப்போது அக்கா பாயைப் பார்த்தபடியே சொன்னாள்: "சுண்ணாம்பு போட்டா திரும்பச் செவந்துரும். அது காரம்."

கல்யாணப் பெண் பேசினதும் எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளை ஃபேனிலிருந்து கண்ணை இறக்கி அக்காவைப் பார்த்தார்.

"எவ்ளோ காரம் போடணும்?"

அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"நீங்க தாங்குற அளவுக்கு."

முதலில் சிரித்தது அவருடைய அம்மாதான். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்க முடியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "கேட்டுக்கடா, இப்பவே சொல்லிட்டா!" என்று அவர்கள் ஆட்களில் யாரோ கத்த, கூடமே கைதட்டியது. மாப்பிள்ளை வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பைத் தன் கையாலேயே வழித்துப் போட்டுக் கலக்கினார். சிவப்பு திரும்பி வந்தது. ஆரத்தி எடுத்தார்கள், தட்டு மாற்றினார்கள்.

"இதான்டி கெமிஸ்ட்ரி!" என்று மாமா என் தலையில் தட்டினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன்! "நிறம் மாறும் வரை" என்பதல்லவா சரியான விடை? அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா ஒரு ஜாங்கிரியைத் திணித்து அடைத்துவிட்டாள். சரியாகச் செய்துகாட்டிய எனக்கு நிமிண்டல், விடையைத் தப்பாகச் சொன்ன அக்காவுக்குக் கைதட்டல். ஜாங்கிரியை மென்றுகொண்டே எவ்வளவு யோசித்தும் அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.