மடங்காத இரண்டு விரல்கள்

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் நர்ஸ் பயிற்சியில் இருந்தேன். வீட்டை விட்டுப் பிரிந்திருந்தது அதுவே முதல்முறை. நான் பார்த்துக்கொண்ட பெண்கள் வார்டில் மாமல்லபுரத்திலிருந்து ஓர் அக்கா வந்து சேர்ந்தார். பஸ் நிற்கும் இடத்தில் வடைக்கடை போட்டிருந்தவர். எண்ணெய்ச் சட்டி சரிந்து வலது கை வெந்துபோயிருந்தது.

புண் ஆறத் தொடங்கியதும் பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "தினம் நாலு வேளை ஒவ்வொரு விரலா மடக்கி நீட்ட வை. விட்டா அப்படியே இறுகிடும்" என்றார்.

விரலைத் தொட்டாலே அக்கா துடித்துப்போவார். "வாணாம் தங்கச்சி, உயிரே போவுது. நாளைக்கு மடக்கிக்கிறேன்" என்பார். எனக்கு மனசு கேட்காது, விட்டுவிடுவேன். நோட்டில் மட்டும் செய்ததாக எழுதிவிடுவேன். அந்த நேரத்தில் அவருக்குத் தலை வாரிவிடுவேன், சோறு ஊட்டுவேன். "நீ துன்னியா?" என்று அவர் கேட்காத நாளில்லை. ஹாஸ்டலில் என்னை அப்படிக் கேட்க யார் இருந்தார்கள்?

பத்து நாள் கழித்து பெரிய சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். மோதிர விரலும் சுண்டு விரலும் அசையவே இல்லை. "தினமும் செஞ்சியா?" என்று என்னைக் கேட்டார்.

அக்கா முந்திக்கொண்டார். "இந்தப் பொண்ணு தெனமும் வந்துச்சு சிஸ்டர். நான்தான் வலி தாங்காம கைய இஸ்துக்கினேன். அத்த திட்டாதீங்க."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரில் அவர் கையை வைத்து, அவர் கத்தக் கத்த மடக்கினேன். இரண்டு பேருமே அழுதோம். மற்ற விரல்கள் வசத்துக்கு வந்தன. அந்த இரண்டும் விறைத்தபடியே நின்றுவிட்டன.

வீட்டுக்குக் கிளம்பும்போது, "நம்மூருக்கு வந்தா கடைக்கு வா, இன்னா?" என்றார். போக எனக்கு முகமில்லை. பிறகு வேறு ஊரில் வேலை, கல்யாணம். சில வருஷம் கழித்து ஒருநாள் போனேன். வடைக்கடை இருந்த இடத்தில் சங்கு, பாசிமணி விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்காவைப் பற்றி விசாரித்தேன். "அவுங்க வூட்டோட எங்கியோ பூட்டாங்களே" என்றார் கடைக்காரர். அன்று பொழுது சாயும்வரை கடற்கரையில், எதிரே வந்த ஒவ்வொரு பெண்ணின் வலது கையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

இரக்கம் என்று நான் நினைத்தது, ஒருவர் அழுவதைப் பார்க்க எனக்கிருந்த பயம்தான் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று; அதை அவரிடமே சொல்லிவிட வேண்டும் என்ற ஏக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.