நோன்பு மாதத்தில் கேட்டு வந்தவர்

வாசிக்கும் நீங்களே இதற்குச் சாட்சியாக இருங்கள். உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும், நடக்க இயலாததால் வீட்டோடு இருந்த மருதமுனை மாணவி ஒருத்தியை அழைக்க, எங்கள் பல்கலைக்கழக அலுவலர் சென்றார். மாணவப் பேச்சாளன் என்ற பெருமிதத்தோடு நானும் உடன் சென்றேன். அவருக்கு நரைத்த தாடி, தேய்ந்த ஊன்றுகோல்கள். எந்த வாசலிலும் கதவைத் தட்டாமல், ஸலாம் சொல்லிச் சிரித்தபடி நிற்பார்.

அது நோன்பு மாதம். யாசிக்க வந்தவரென எண்ணிய தாய், ஒரு சுண்டு அரிசியோடு வந்தார்.

“கேட்கத்தான் வந்த, ராத்தா. அரிசியில்ல, உங்கட மகள கம்பஸுக்குத் தாங்க.”

“அவவுக்கு நடக்க ஏலாதே!”

“எனக்கும் ஏலாது. அதுக்குத்தான் என்ன அனுப்பியிருக்காங்க.”

உள்ளிருந்து மகள் குரல் கொடுத்தாள்: “உம்மா, நோன்பு நாளையில கேட்டு வந்தவர வெறுங்கையோடயா அனுப்பப்போறீங்க?”

தாய் சிரிக்கவில்லை. “வகுப்பெல்லாம் கீழயா இருக்கு?”

என் நாவில் அழகான பதில் இருந்தது. அலுவலர் முந்திக்கொண்டார்: “இல்ல ராத்தா, சிலது மாடியில. கீழ இறக்கச் சொல்லி நாங்கதான் சண்டை பிடிக்கணும்.”

தாய் அரிசியைக் கீழே வைத்தார். “எப்ப கூட்டி வரணும்?” என்றார். அந்த உண்மை எப்படித் தாயை வென்றதென்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

தெருவில் இறங்கியதும் நான் உரக்கச் சொன்னேன்: “அந்தத் தங்கச்சியின் வகுப்பு கீழே வரும்வரை நானும் மாடி ஏறமாட்டேன்.”