ராக்கப்பன் தூங்கவைத்த பிள்ளை

பிள்ளையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு ஃபேனை இரண்டிலிருந்து மூன்றுக்குத் திருகுகிறார் ராக்கப்பன். குளிருமோ என்று திரும்ப இரண்டுக்கே கொண்டுவருகிறார். பாட்டு வராது அவருக்கு. மூக்கால் ஒரு முனகல், அவ்வளவுதான். பழுதான பம்புசெட் மாதிரி விட்டுவிட்டு வருகிற அந்த முனகலில்தான் பத்து மாதப் பாப்பாவுக்குக் கண் சொருக வேண்டும்.

பாராடாங் தீவின் படகு ஜெட்டியில், பஸ்ஸையும் லாரியையும் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோகிற ஃபெர்ரியில் அவருக்கு வேலை. வண்டிகளை அங்குலம் அங்குலமாக உள்ளே வாங்குவார். "ஆனே தோ, ஆனே தோ... அரே, ருக்கோ பாய்!" வா என்பதும் நில் என்பதும் தீவின் ஹிந்தியில்தான். இன்ஜின் இரைச்சலை மிஞ்சுகிற தொண்டை. இவருக்குப் போன் எதற்கு என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நாற்பதை நெருங்கும்போதுதான் பிள்ளை. மனைவி ராஜகுமாரிக்கு ஆஸ்பத்திரியில் சாயங்கால டியூட்டி விழுகிற வாரங்களில் தூங்கவைக்கிற பொறுப்பு அவருடையது.

கடைத்தெருவில் அவரை மெச்சாதவர் இல்லை. "பொம்பளகூட இப்புடிப் பாக்க மாட்டா" என்பார்கள். முன்பெல்லாம் மீசையைத் தடவிக்கொள்வார். இப்போது டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்.

மழைக்காலத்தில் நடந்தது அது. அன்று ஜெட்டியில், பஸ் நிறைய டூரிஸ்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் அதிகாரி செய்யாத தப்புக்கு அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார். ராக்கப்பன் "ஜி சாப்" என்று தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் கரண்ட் இல்லை. பாப்பாவுக்குப் பல் முளைக்கிற நேரம்; தூக்கினாலும் அழுகை, கீழே விட்டாலும் அழுகை. நடந்தார், முனகினார், தொடையைத் தட்டிக் கொடுத்தார். ஜெட்டியில் திறக்காத வாய் இங்கே திறந்துகொண்டது.

"ஏய்! சுப்!"

வாயை மூடச் சொல்லி வண்டிக்காரர்களை அடக்குகிற அதே குரல். பாப்பாவின் உடம்பு விறைத்தது. அழுகை அறுந்து நின்றது. உதடு பிதுங்கியது, சத்தம் வரவில்லை. அவருடைய வாயையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என்ன தம்பி, யாரு அது?" பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"ஒரு டிரைவருதான்க்கா. போயிட்டான்."

டியூட்டி முடிந்து வந்த ராஜகுமாரி அசந்து போனாள். "இதுக்குள்ளயும் தூங்கிட்டாளா! என்னா மந்திரம் போட்டீங்க?" பொரித்த மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அவருக்கு வைத்தாள். அவர் அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். பாயில் பிள்ளை தூக்கத்திலும் விம்மிக்கொண்டிருந்தாள்.

மறுநாளிலிருந்து, அவர் தூக்கியதுமே பாப்பா கண்ணை மூடினாள். மடியில் கட்டை மாதிரிக் கிடப்பாள்; இமை மட்டும் துடிக்கும். ராஜகுமாரிக்கோ பெருமை தாங்கவில்லை. கொல்லையில் துணி காயப்போடும்போது சொர்ணம்மாவிடம் சொன்னாள்: "இவரு கை பட்டாப் போதும்க்கா, பொட்டுனு தூங்கிருது."

வேலியோரம் கால் கழுவிக்கொண்டிருந்த ராக்கப்பனால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தூக்கமில்ல குமாரி, பயம். அன்னைக்கி டிரைவர் எவனும் வரலக்கா. நாந்தான் கத்துனேன். பச்சப் புள்ளய."

சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சொர்ணம்மா கையிலிருந்த ஈரச்சேலையை உதற மறந்து நின்றாள். ராஜகுமாரி உள்ளே போய்ப் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். டியூட்டியை மாற்றிக்கொண்டு கொஞ்ச நாள் அவளே தூங்கவைத்தாள். அந்த நேரத்தில் அவர் வெளியே படியில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்குவார். அப்புறம் ஒரு சாயங்காலம் அவளாகவே பிள்ளையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"நீங்களே பாருங்க. ஒங்களால வந்த பயம், ஒங்ககிட்டதான் போகணும்."

வீட்டுக்குள் இப்போது அவர் பேசுவது காதில் விழுவதில்லை. "என்னா சொன்னீங்க?" என்று ராஜகுமாரி திரும்பக் கேட்கிறாள். ஜெட்டிக்குக்கூட ஒரு விசில் வாங்கிவிட்டார். "தொண்ட போச்சா அண்ணே?" என்று கூட்டாளிகள் கேட்டால், "போச்சு" என்று மட்டும் சொல்வார்.

போன வாரம், ராஜகுமாரிக்கு லீவு. அடுப்படியில் இருந்தாள். தூங்கமாட்டேன் என்று பாப்பா அடம்பிடித்தாள். முதுகை வளைத்து, முகம் சிவக்க, வீடே அதிர வீறிட்டாள். அந்த மழைநாளுக்குப் பிறகு அவர் கையில் இருந்துகொண்டு அவள் அழுதது அதுதான் முதல் தடவை. ராஜகுமாரி ஓடிவந்து கைகளை நீட்டினாள். ராக்கப்பன் வேண்டாம் என்று தலையசைத்தார். வழிகிற தன் கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல், பிள்ளையை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி, அந்த வாயருகே தன் காதைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.